கொடிப்பந்தல்

கொடிப்பந்தல் என்பது புடலை, பாகல், பீர்க்கு, சுரை, அவரை போன்ற கொடிக் காய்கறிகள் படர்வதற்காக அமைக்கப்படும் தாங்கியமைப்பு ஆகும். தமிழ்நாட்டில் வணிக முறையில் பயிரிடுவோர் கல் தூண்களையும் இரும்புக் கம்பிகளையும் பயன்படுத்துகின்றனர். வீட்டுத் தோட்டங்களில் கம்பு, மூங்கில், தென்னங்கயிறு ஆகியவற்றைக் கொண்டே பந்தல் போடலாம்.

பயன்கள்

பந்தலில் தொங்கும் காய்கள் மண்ணில் படாததால் அழுகல் குறைகிறது. புடலை, பீர்க்கு போன்ற நீண்ட காய்கள் வளையாமல் வளர்கின்றன. பூச்சித் தாக்குதலைக் கண்டறிவதும் காய் பறிப்பதும் எளிது.

கொடி ஏறும் முறை

தாங்கியின் வடிவம் கொடி ஏறும் முறையைப் பொறுத்தது. அவரை, கொடிப்பசலை ஆகியவற்றின் தண்டே கம்பைச் சுற்றி ஏறும். இவற்றுக்கு நேராக நட்ட கம்பு போதும். பாகல், புடலை, பீர்க்கு, சுரை ஆகியவை பற்றுக்கம்பிகளால் ஏறுபவை. பற்றுக்கம்பியால் பருத்த காலைச் சுற்றிப் பிடிக்க இயலாது. எனவே செடியின் அருகில் கிளைகளுள்ள சுள்ளியை நடவோ, பந்தல் வரை கயிறு கட்டவோ வேண்டும்.

கால்கள்

சவுக்கு, மூங்கில், கவைக்கம்பு ஆகியவை கால்களாகப் பயன்படுகின்றன. மூங்கிலைச் சில வாரங்கள் நீரில் ஊறவைத்து உலர்த்தினால் வண்டு துளைப்பது குறையும். மண்ணில் புதையும் பகுதியில் தார் பூசினால் கறையான் அரிப்பது குறையும். கிளுவை, கல்யாண முருங்கை, சீமை அகத்தி ஆகியவற்றின் போத்துகளை நட்டால் அவை வேர்விட்டு உயிர்க்கால்களாக நிற்கும். உயிர்க்கால்களின் தழையை அவ்வப்போது வெட்டாவிட்டால் கொடிக்கு நிழல் விழும்.

அமைக்கும் முறை

10 அடி நீளம், 10 அடி அகலமுள்ள பந்தலுக்கு 8 அடிக் கால்கள் 9 தேவை. அவற்றை 5 அடி இடைவெளியில், மூன்று வரிசைகளாக, 2 அடி ஆழத்தில் நட்டு மண்ணை இறுகக் குத்த வேண்டும். ஒவ்வொரு வரிசையின் கவைகள் மீதும் ஒரு நீளக் கம்பைக் கிடத்திக் கட்ட வேண்டும். மூங்கிலில் கவை இராது என்பதால், மேல் கணுவுக்குச் சற்று மேலே பள்ளமாக வெட்டி அதில் கம்பைப் பொருத்தலாம். பின்னர் குறுக்காக மூங்கில் பிளாச்சுகளையோ தென்னங்கயிற்றையோ ஓரடி இடைவெளியில் கட்ட வேண்டும்.

கொடி பந்தலை எட்டும்வரை பக்கக் கிளைகளை நீக்கி, எட்டியதும் நுனியைக் கிள்ளினால் கிளைகள் மேலே பரவும்.

பராமரிப்பு

விதைப்பதற்கு முன்பே கால் நடுவது நல்லது. பின்னர் குழி தோண்டினால் வேர்கள் அறுபடும். ஆடிப் பட்டத்தில் விதைத்த கொடிகள் காய்க்கும் காலத்திலேயே வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடும். காய்களின் எடையுடன் ஈரத் தழையின் எடையும் காற்றும் சேர, நைந்த கட்டுகள் அறுந்து பந்தல் சாயக்கூடும். சாய்ந்த பந்தலைத் தூக்கி நிறுத்தும்போது தண்டுகள் முறிந்து விளைச்சலே கெடலாம். ஆகவே மழைக்கு முன் கட்டுகளைச் சோதித்து, ஆடும் கால்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும்.