பெயர்கள் அறிந்துகொள்வதற்கே



கயத்தாற்றில் ஒரு நிக்காஹ் பேச்சு. மணமக்கள் இருவரும் மார்க்கப் பற்றும் நற்குணமும் உடையவர்கள். மஹர்த் தொகையும் பேசி முடிந்தாயிற்று. அவ்வேளையில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், "அவர்கள் லெப்பை, நாம் இராவுத்தர். இது ஒத்து வருமா?" என்றார். பேச்சு அத்துடன் நின்றுவிட்டது. அவையிலிருந்த நான், "பெரியத்தா, இராவுத்தர் என்பதற்கு என்ன பொருள்?" என்று வினவினேன். "தெரியாது அசரத். பாட்டன் காலத்திலிருந்து வருகிற பெயர்" என்று விடை கூறினார்.

பொருள் அறியாத ஒரு பெயர் ஒரு திருமணத்தை நிறுத்த முடிகிறது என்றால், அப்பெயர்களின் வரலாற்றை நாம் அறிந்தே ஆக வேண்டும் அல்லவா?

குதிரையும் கப்பலும்

இராவுத்தன் என்ற சொல்லுக்குக் குதிரை வீரன் என்பது பொருள். 'இராஜபுத்ர' என்னும் வடசொல்லின் திரிபே இது என்று அறிஞர் பலர் கருதுவர். இச்சொல் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. அருணகிரிநாதர் தம் பாடலில் முருகனையே இராவுத்தன் என்று அழைக்கிறார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமிரபரணிக் கரையிலுள்ள காயல் துறையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்து குதிரைகள் கப்பல்களில் வந்திறங்கியதைக் குறிப்பிடுகிறார். குதிரை வாணிகமும் குதிரைப்படைப் பணியுமே இப்பெயர் முஸ்லிம்களிடம் நிலைபெறக் காரணம் எனலாம்.

மரைக்காயர் என்ற பெயரோ கடலைச் சேர்ந்தது. 'மரக்கலராயர்' என்பதே மருவியது என்பர் ஒரு சாரார். கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பர் மற்றொரு சாரார். எவ்வழியே சென்றாலும் நாம் கப்பலிடமே சென்று சேர்கிறோம். ஆக, ஒன்று குதிரையேறியவரின் பெயர். மற்றொன்று கப்பலேறியவரின் பெயர். இரண்டும் தொழிலால் வந்தவையே அன்றி, பிறப்பின் உயர்வு தாழ்வால் வந்தவை அல்ல.

லெப்பை என்பதற்கும் இரு விளக்கங்கள் உண்டு. அழைத்தவருக்கு 'இதோ வந்தேன்' என்று பணிவுடன் விடையளிக்கும் 'லப்பைக்' என்ற அரபுச் சொல்லே அதன் மூலம் என்பது ஒன்று. 'அரபி' என்பதன் திரிபு என்பது மற்றொன்று. பல ஊர்களில், ஓதிக் கொடுத்துப் பள்ளிவாசலில் பணி செய்பவருக்கே இப்பெயர் வழங்குகிறது. அப்படியிருக்க, இதனை இழிவாகக் கருத இடம் ஏது?

பிறர் இட்ட பெயர்கள்

நம்மைப் பிறர் அழைத்த பெயர்களும் உள்ளன. கிரேக்கரைக் குறித்த 'யவனர்' என்னும் சொல் 'யோனகர்' என்றாகி, பின்னர் 'சோனகர்' ஆயிற்று. கிரேக்கருக்குப் பின் அதே கடல்வழியே வந்த அரபியருக்கும், அதன்பின் அவர்தம் வழியினருக்கும் அப்பெயரே நின்றது. இலங்கையில் இன்றும் அது வழக்கில் உள்ளது. துருக்கியரைக் குறித்த 'துருக்கர்' என்பது 'துலுக்கர்' ஆயிற்று. கோவில்பட்டியிலிருந்து விருதுநகருக்கு இரயிலில் செல்வோர், சாத்தூரைக் கடந்ததும் துலுக்கப்பட்டி என்னும் நிலையத்தைக் காண்பர். தமிழையே தாய்மொழியாகக் கொண்டவர்க்கு, துருக்கி மண்ணைக் கண்டிராத நிலையிலும், இப்பெயர் வாய்த்தது!

இவ்வியப்பு நமக்கு மட்டும் உரியதன்று. பல்கார் என்றொரு மக்கள் இருந்தனர். 'கலத்தல், கலக்குதல்' எனப் பொருள்படும் துருக்கிய வினைச்சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. அவர்களுள் ஒரு பிரிவினர் தானூபு ஆற்றங்கரையில் குடியேறி, 9ஆம் நூற்றாண்டில் கிறித்தவம் தழுவினர். காலப்போக்கில் ஸ்லாவிய மொழி பேசலாயினர். அவர்கள் நாடே பல்கேரியா. மற்றொரு பிரிவினர் வோல்கா ஆற்றங்கரையில் வாழ்ந்து இஸ்லாத்தை ஏற்றனர். கி.பி. 922இல் பக்தாத் கலீபாவின் தூதுக்குழுவில் அவர்களிடம் சென்ற இப்னு ஃபள்லான், தாம் கண்டதை எழுதி வைத்துள்ளார். பெயர் ஒன்று, மொழியும் மார்க்கமும் வேறு வேறு. பெயரைக் கொண்டு மனிதனை அளக்க இயலாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அளவுகோல் எது?

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் இதற்குத் தெளிவான தீர்ப்பு அளிக்கிறது. மனிதரைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது, ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், இறையச்சம் மிக்கவரே அல்லாஹ்விடம் கண்ணியம் மிக்கவர் என்றும் அது உணர்த்துகிறது. அரபியருக்கு அரபியர் அல்லாதவரைவிடப் பிறப்பால் எச்சிறப்பும் இல்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜின்போது அறிவித்தார்கள். அரபியருக்கே இல்லாத சிறப்பு இராவுத்தருக்கும் லெப்பைக்கும் எங்கிருந்து வந்தது?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். தமிழக அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் பட்டியலில், இராவுத்தரும் மரைக்காயரும் லெப்பை என்ற ஒரே தலைப்பில் அடங்குகின்றனர். 2007ஆம் ஆண்டில் அளிக்கப்பட்ட 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டைப் பெற, அப்பெயரின் கீழ் ஒன்றாக நிற்கிறோம். கல்லூரி வாசலில் இனிக்கும் பெயர், கல்யாண வாசலில் மட்டும் கசப்பது நியாயமா?

அந்தத் திருமணம் நடைபெறவில்லை. இரு குடும்பத்தாரும் ஒரே பள்ளிவாசலில், தோளோடு தோள் சேர்ந்து ஜும்ஆ தொழுகிறார்கள். அணியில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவரின் பட்டப்பெயரை எவரும் கேட்பதில்லை. தொழுகையில் கேட்காததைத் திருமணத்திலும் கேளாதிருப்போமாக! மார்க்கமும் நற்குணமும் பார்த்து மணம் முடிக்கும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.