தமிழைத் தட்டெழுதப் பழகுவோம்

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களிலிருந்து ஊருக்குச் செல்லும் செய்திகளுள் பல, இன்று ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாகவே இருக்கின்றன. ந, ன, ண மூன்றுக்கும் அங்கே ஒரே எழுத்து. அதிலேயே பழகும் பிள்ளைக்கு அவற்றின் வேறுபாடு மனத்தில் பதிவது எங்ஙனம்?

அலுவலகத்தில் இந்திக்காக இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை பழகியோர்க்கு ஒரு வசதி உண்டு. இந்திக் ககரம் இருக்கும் விசையிலேயே தமிழ்க் ககரமும் இருக்கிறது. என்னைப் போன்ற ரயில்வே குமாஸ்தாக்களுக்கு அது போதும். ஆனால் ற, ன, ள, ழ ஆகியவற்றிற்கு ஷிப்டு விசையையும் சேர்த்தழுத்த வேண்டும். னகரமின்றித் தமிழில் எத்தனை வாக்கியம் எழுத இயலும்?

ஆகவே, புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு, 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' முறையே தக்கது. உயிரெழுத்துக்கள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. க, ப, ம, த, ந ஐந்தும் நடுவரிசையில் வலக்கை விரல்களின் கீழேயே உள்ளன. ககரத்தை இருமுறை அழுத்தினால் முன்னது தானே புள்ளி பெறும். 'அக்கா' என்பதற்கு அ, க, க, ஆ என நான்கே விசைகள்!

எஃப், ஜே விசைகளின் சிறு மேடுகளில் ஆள்காட்டி விரல்களை வைத்து, பலகையைப் பாராமல் நாள்தோறும் கால் மணி நேரம் பழகுக. முதல் மாதம் வேகம் வேண்டா. பாட்டிக்கு அனுப்பும் செய்தியையே பயிற்சிப் பாடமாகக் கொள்ளலாம்.