ஒன்றா? பலவா?



நம்ம பையன் ஒருத்தன் நேர்முகத் தேர்வுக்குப் போனான். விண்ணப்பத்தில் 'எக்விப்மென்ட்ஸ்' என்று எழுதியிருந்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். இன்ஜினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன், ஒரே ஒரு 'எஸ்' எழுத்தால் தலைகுனிந்து வந்தான். "அதுல என்னண்ணே தப்பு?" என்று ஹாஸ்டலில் கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலே இக்கட்டுரை.

முதலில் ஒன்று. ஆங்கிலப் பன்மையில் நாம் தடுமாறுவது அறிவுக் குறைவால் அல்ல! 'ஹார்பருக்குப் பத்துக் கப்பல் வந்திருக்கு' என்கிறோம். 'பத்து' என்று சொன்ன பிறகு 'கள்' எதற்கு? 'கப்பல் வந்தது' ஒருமை, 'கப்பல் வந்தன' பன்மை. வினையே காட்டிக் கொடுத்துவிடும். இத்தகைய சொற்களை 'பால்பகா அஃறிணைப் பெயர்' என்கிறது நன்னூல். ஆங்கிலத்தில் இந்தச் சலுகை கிடையாது. பத்து என்று சொன்னாலும் 'ஷிப்' கூட 'எஸ்' வந்தே ஆகணும்.

அப்படியானால் 'எக்விப்மென்ட்' மட்டும் ஏன் விதிவிலக்கு? நம்ம ஊர் உப்பளத்தைப் பாருங்கள். உப்பை ஒன்று, இரண்டு என்று எண்ணுவோமா? மூட்டையைத்தான் எண்ணுவோம். 'எக்விப்மென்ட்', 'மெஷினரி', 'ஃபர்னிச்சர்', 'இன்ஃபர்மேஷன்' எல்லாமே உப்பு மாதிரிதான். 'எஸ்' ஒட்டாது. எண்ணியே ஆக வேண்டுமென்றால் 'டூ பீசஸ் ஆஃப் எக்விப்மென்ட்' என்று மூட்டை கட்டித்தான் எண்ண வேண்டும்.

அடுத்தது 'ஓ'வில் முடியும் சொற்கள். 'பொட்டேட்டோ', 'டொமேட்டோ' இரண்டுக்கும் 'ஈஎஸ்'. 'கார்கோ'வுக்கு 'ஈஎஸ்', வெறும் 'எஸ்' இரண்டும் சரி. 'ஃபோட்டோ', 'கிலோ', 'டைனமோ' ஆகியவை நீண்ட சொற்களின் சுருக்கங்கள். அவற்றுக்கு 'எஸ்' மட்டும் போதும்.

சர்ச் பாடகர் குழுவில் இருப்பவர்களுக்கு 'சொப்ரானோ', 'ஆல்ட்டோ' தெரியும். இவை இத்தாலியச் சொற்கள். ஆங்கிலத்தில் இவற்றுக்கும் 'எஸ்'தான். ஆனால் இத்தாலியில் 'ஓ'வில் முடியும் பெயர், பன்மையில் பெரும்பாலும் 'இ'யாக மாறும். அதனால் தாளத்தின் வேகத்தைக் குறிக்கும் 'டெம்போ'வுக்கு, ஆங்கில இசை நூல்களில் 'டெம்போஸ்' என்றும் 'டெம்பி' என்றும் இரண்டு பன்மைகள் உண்டு. 'கன்செர்ட்டோ', 'வெர்ச்சுவோசோ' ஆகியவற்றுக்கும் இப்படியே. அதற்காக உப்பு ஏற்ற வந்த வண்டிகளைப் பார்த்து 'ரெண்டு டெம்பி நிக்குது' என்று சொல்லிவிடாதீர்கள். டிரைவரண்ணன் முறைப்பார்!

நமது பாடங்களிலும் இந்தக் கதை உண்டு. 'ரேடியஸ்' என்பதன் பன்மை 'ரேடியை'. 'ஆக்சிஸ்' என்பதற்கு 'ஆக்சீஸ்'. 'ஃபார்முலா'வுக்கு 'ஃபார்முலே', 'ஃபார்முலாஸ்' இரண்டும் செல்லும். 'கிரைட்டீரியன்' ஒருமை, 'கிரைட்டீரியா' பன்மை. 'கிரைட்டீரியாஸ்' என்று எழுதினால் 'மரங்கள்கள்' என்று எழுதிய மாதிரி!

கடன் வாங்கிய சொல்லுக்கு யாருடைய பன்மை? 16-ம் நூற்றாண்டில் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துகீசியரின் மொழியிலிருந்து ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம் தமிழுக்கு வந்தன. அவர்கள் மொழியிலும் பன்மைக்கு 'எஸ்'தான். நாம் அதை விட்டுவிட்டு 'ஜன்னல்கள்' என்று நம் 'கள்'ளைச் சேர்த்துக் கொண்டோம். ஆங்கிலேயர் 'பியானோ'வுக்கு 'எஸ்' சேர்த்ததும் அப்படித்தான். புழங்கப் புழங்கச் சொல் நம் வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறது.

இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் நம் காமநாயக்கன்பட்டியில் பணி செய்தவர். தமிழைப் பழுதறக் கற்று, 1732-ல் சதுரகராதியைத் தந்தார். அந்த இத்தாலிக்காரர் நம்ம 'கள்'ளைக் கற்றுக் கொண்டாரே! அவர் ஊர் 'இ'யையும், ஆங்கிலேயரின் 'எஸ்'ஸையும் நம்மால் கற்க முடியாதா?

சந்தேகம் வந்தால் அகராதியைப் புரட்டுங்கள். தெரியாததைக் கேட்பதில் வெட்கமில்லை. கேட்டவனைப் பார்த்துச் சிரிப்பதில்தான் வெட்கம் இருக்கிறது. அந்தத் தம்பி அன்றிரவே தன் விண்ணப்பத்தில் இருந்த 'எஸ்'ஸை அடித்துவிட்டு, அடுத்த கம்பெனிக்கு எழுத உட்கார்ந்தான்.