மாதா கோயிலுக்கு நாமும் போகலாமா?

வேளாங்கண்ணிக்குப் போய் வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை போட்டுக்கொண்டு, தென்னங்கன்றும் தொட்டிலுமாக வருகிற கூட்டத்தில் நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள் எத்தனை பேர்! ஆகஸ்டு 29-ல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கிற திருவிழாவில் "நீ எந்த மதம்?" என்று யாரும் கேட்பதில்லை. 1962-ல் போப்பாண்டவர் 23-ம் ஜான் அதைப் பசிலிக்காவாக உயர்த்துவதற்கு வெகு காலம் முன்பிருந்தே எல்லா மதத்தாரும் போய் வரும் இடம்தானே அது!

உள்ளூர் மாதா கோயிலுக்குள் நுழையத்தான் நமக்கு ஏனோ ஒரு தயக்கம். எனக்கு அங்கே ஒரு அவமானமும் நேர்ந்தது.

பக்கத்து வீட்டு டீச்சரக்கா மகளின் கல்யாணம். பூசை நடுவில் எல்லாரும் வரிசையாகப் பீடத்தருகே போனார்கள். நம் கோயிலில் பிரசாதம் வாங்குவது போலத்தானே என்று, சின்னவளைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். ஒரு அம்மாள் வந்து, "நீங்க வாங்கக் கூடாது, போய் உட்காருங்க" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். முகம் சுண்டிப் போயிற்று. பந்தியில் சாப்பாடே இறங்கவில்லை.

மறுநாள் டீச்சரக்கா வந்தார். "அது பிரசாதம் இல்லே தங்கச்சி. எங்களுக்கு அது ஆண்டவரோட உடம்பு. எங்க வீட்டுக் குழந்தைகளுக்கே புதுநன்மை வாங்கின பிறகுதான் கிடைக்கும். பெரியவங்களும் மனசிலே பெரிய பாவம் இருந்தா, பாவசங்கீர்த்தனம் பண்ணாம வாங்க மாட்டோம். முன்னாடியே சொல்லாதது என் தப்பு" என்றார். அந்த அம்மாள் சொன்ன விதம்தான் தப்பு, விஷயம் தப்பில்லை என்று எனக்கும் பட்டது. ஆகவே, கல்யாணத்துக்கோ வேறெதற்கோ போகிறவர்கள் அந்த நேரத்தில் இருந்த இடத்திலேயே இருங்கள். மற்றபடி பாட்டுக் கேட்கலாம், மெழுகுவர்த்தி ஏற்றலாம்.

கான்வென்ட் விஷயம் வேறு. பல கான்வென்டுகளில் மற்ற மதத்துப் பிள்ளைகள்தான் அதிகம். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்புக்குப் போகும்போது மற்றவர்களுக்குப் பெரும்பாலும் நன்னெறி வகுப்பு. அரசு அங்கீகாரமோ உதவிப் பணமோ பெறுகிற பள்ளியில், பெற்றோர் சம்மதமில்லாமல் மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ குழந்தையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவே சொல்கிறது. (சண்டை போட அல்ல, தெரிந்து வைத்துக்கொள்ளத்தான்!)

என் பெரியவளிடம் ஒரு டீச்சர் "பூவும் வேண்டாம், பொட்டும் வேண்டாம்" என்றபோது நான் நேராக மதரிடம் போனேன். "பூ எந்தப் பிள்ளைக்குமே கிடையாது. பொட்டு தாராளமாக வைக்கட்டும்" என்று அன்றே சரி செய்துவிட்டார்.

போன கிறிஸ்துமஸுக்கு டீச்சரக்காவோடு நடுராத்திரிப் பூசைக்குப் போனோம். வரிசை கிளம்பியதும் சின்னவள் என் முந்தானையை இழுத்து, "நாம உட்கார்ந்துக்கணும், இல்லேம்மா?" என்றாள். பக்கத்தில் டீச்சரக்காவின் ஆறு வயசுப் பேரனும் உட்கார்ந்திருந்தான், கொட்டாவி விட்டுக்கொண்டு.