சீனாய் மலையின் சின்னஞ்சிறு சிறகு

சீனாய் மலை என்றவுடன் நம் நினைவில் எழுபவை, எரிந்தும் கருகாத முட்செடியும், மோயீசன் பெற்ற பத்துக் கற்பனைகளுமே. அம்மலையின் அடிவாரத்தில் 6-ஆம் நூற்றாண்டில் யுஸ்தினியான் பேரரசர் எழுப்பிய புனித கத்தரீனம்மாள் மடம் இன்றும் நிலைத்து நிற்கின்றது. ஆயினும், அம்மலைகளையன்றி உலகில் வேறெங்கும் காணப்படாத ஓர் எளிய உயிரை நம்முள் அறிந்தோர் சிலரே. அதுவே சீனாய் நீல வண்ணத்துப்பூச்சி. 1975-ஆம் ஆண்டில்தான் அறிவியலார் இதனைத் தனி இனமெனக் கண்டு பெயரிட்டனர்.

எகிப்து நாட்டைச் சேர்ந்த சீனாய்த் தீபகற்பம் பெரும்பாலும் வறண்ட பாலைநிலம். அதன் தென்பகுதியிலோ 2600 மீட்டருக்கு மேலும் மலைகள் உயர்ந்து நிற்கின்றன. அரிதாய்ப் பெய்யும் மழையும் குளிர்காலப் பனியும் பாறை இடுக்குகளில் ஈரத்தைச் சேர்த்து வைக்கின்றன. அவ்வீரத்தை நம்பி வளர்வது தைம் என்னும் மணமிக்க சிறு செடி. அச்செடியை நம்பி வாழ்வது நம் வண்ணத்துப்பூச்சி.

விரிந்த சிறகுகளும் கட்டைவிரல் நகத்தை மிஞ்சா எனலாம். உலகின் மிகச் சிறிய வண்ணத்துப்பூச்சிகளுள் இதுவும் ஒன்று. தாய்ப்பூச்சி முட்டையிடுவது தைம் செடியில். புழு உண்பது அதன் மொட்டும் மலரும். வளர்ந்த பூச்சி தேன் பருகுவதும் அம்மலர்களிலேயே. புழு சுரக்கும் இனிய நீரை நாடி எறும்புகள் வருகின்றன. வந்தவை அதற்குக் காவலாகவும் அமைகின்றன. ஆண்டுக்கு ஒரே தலைமுறை. பிறந்த செடித்திட்டை விட்டு நெடுந்தூரம் பறந்து செல்லும் வழக்கமும் இதற்கில்லை.

இவ்வினம் வாழும் நிலப்பரப்பு ஏறத்தாழ 7 சதுரக் கிலோமீட்டரே! அதுவும் தொடர்ச்சியான நிலமன்று. ஆங்காங்கே சிதறிய செடித்திட்டுகள். வறட்சி நீடித்தால் செடி வாடும். ஆடுகள் மேய்ந்தாலும், மருந்துக்கென மனிதர் பறித்தாலும் குறையும். உலகின் வெப்பமோ ஆண்டுதோறும் ஏறி வருகின்றது. தாழ்ந்த இடம் சுடுமாயின், உயர்ந்த இடம் நாடலாம்; ஏற்கெனவே மலையுச்சியில் வாழும் உயிர் எங்கே செல்லும்?

எகிப்து அரசு இம்மலைப்பகுதியைக் காப்பு நிலமாக அறிவித்தது நற்செய்தியே. எனினும், சட்டம் மட்டும் போதாது. அங்கு ஆடு மேய்ப்பவரும், மூலிகை பறிப்பவரும், மலையேற வரும் திருப்பயணிகளும் மனம் வைத்தாலன்றி அச்செடி பிழைக்காது.

கடவுளின் குரல் ஒலித்த மலையென்று அதனைப் போற்றுகின்றோம். அங்கே அவர் படைத்த மிகச் சிறிய சிறகு நம் காலத்தில் மறைந்து போக விடலாமா?