வரவு செலவுத் திட்டத்தில் எளியோர் பங்கு

மகாசபையில் சங்கத்தின் ஐந்தொகையை வரி வரியாகப் பார்த்துக் கேள்வி கேட்கும் நாம், சர்க்காரின் வரவு செலவுத் திட்டத்தில் மட்டும் ஒதுக்கிய தொகையைப் படித்த அளவிலே மனநிறைவு கொண்டுவிடுகிறோம்.

மத்திய சர்க்காரின் ஏடுகளில் ஒவ்வோர் இனத்துக்கும் திட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என மூன்று தொகைகள் உண்டு. முதலாவது வாக்கு, மூன்றாவதே கஜானாவை விட்டு வெளிவந்தது. அதுவோ ஈராண்டு கழித்துத்தான் அச்சேறும். ஆகவே பழைய ஏட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கே உண்மை புலப்படும். சென்ற ஆண்டுத் தொகையே இவ்வாண்டும் இருப்பின், நூல் விலை ஏறிய அளவுக்கு அது குறைந்ததேயாம்.

அடுத்தது பங்கு. திட்டச் செலவில் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாத பங்கு வேண்டும் என்பது பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் 1970-களில் வகுத்த நெறி. 2011 கணக்கெடுப்பின்படி முன்னவர் நூற்றுக்கு 16.6 பேர், பின்னவர் 8.6. 2017-18இல் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பாகுபாடே நீங்கிற்று. எதில் பங்கு கேட்பது என்பதே பிறகு கேள்வியாயிற்று.

எதைக் கணக்கில் சேர்க்கிறார்கள் என்பதுதான் பெருஞ்சிக்கல். 2005-06 முதல் மகளிர்க்கெனத் தனி அறிக்கை வெளிவருகிறது. அதில் கிராம வீட்டுவசதித் தொகையைப் பல ஆண்டுகள் முழுமையாகவே மகளிர் கணக்கில் எழுதினர். வீட்டில் குடியிருப்பது குடும்பம் முழுவதும் அன்றோ?

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளருள் நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர் பெண்கள். கைத்தறிக்கென வரும் தொகையில் எவ்வளவு அவர்கள் பெயரில் பற்றெழுதப்படுகிறது என்பதை நம் சங்கப் பேரேட்டிலேயே காணலாம்.