உள்பரிசோதனை: மாணவர்கள் எப்படிக் கற்கிறார்கள்?

சென்ற மாதம் நம் சங்கத்தின் மகளிர் பிரிவுக் கூட்டம் முடிந்து காபி குடித்துக் கொண்டிருந்தபோது, உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துத் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். அவருக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். "டாக்டர் மாமி, மயக்கம் கொடுத்த பிறகு ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் வந்து கையை விட்டுப் பார்ப்பார்களாமே, நிஜமா?"

அப்படி நடந்ததுண்டு. மாணவியாக நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கூச்சத்தால் நம் பத்திரிகைகள் தொடாத விஷயம் இது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இருதயத்தின் ஓசையைக் கற்பிப்பது சுலபம். ஆசிரியர் கேட்ட இடத்திலேயே மாணவனும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கலாம். (அந்தக் கருவியே கூச்சத்தில் பிறந்ததுதான். 1816-இல் பாரிஸில் லேனெக் என்ற டாக்டர், ஓர் இளம் பெண்ணின் மார்பில் காதை வைக்கத் தயங்கிக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார்.) உள்பரிசோதனை அப்படியல்ல. இரண்டு விரல்கள் உள்ளே, மற்றொரு கை அடிவயிற்றின் மேலே. இரண்டுக்கும் நடுவே கர்ப்பப்பை எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலையில்லை. மாணவியின் விரல் நுனியில் என்ன தட்டுப்படுகிறது என்பது பக்கத்தில் நிற்கும் ஆசிரியருக்குத் தெரியாது. "தெரிகிறதா?" என்று கேட்பார். "தெரிகிறது மேடம்" என்போம். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது பிறகு ஹாஸ்டலில் பேசும்போது வெளிவந்தது. நானும் அந்தப் பாதியில் ஒருத்தி.

1974-ஆம் வருஷம். தமிழ்நாட்டிலிருந்து வடக்கே படிக்க வந்த எனக்கு ஹிந்தி அரைகுறை. வார்டில் முதலில் கற்றுக்கொண்ட ஹிந்தி எல்லாம் கட்டளைதான்: "லேட் ஜாவோ", "பைர் மோடோ". அதாவது படு, காலை மடக்கு. கர்ப்பப்பை இறங்கிய ஒரு கிராமத்து அம்மாள், இலவச வார்டில் இருந்தார். திரைக்குள் நாங்கள் ஆறு பேர். முக்காட்டை முகம் முழுவதும் இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. முகத்தை மட்டும் மூடியிருந்தார். நான் ஐந்தாவது ஆள். கையுறையைக் கழற்றும்போது முக்காட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது: "பூச் தோ லேத்தீ, பேட்டீ." கேட்டிருக்கலாமே மகளே என்று அர்த்தம். என்ன கேட்டிருக்க வேண்டும் என்றுகூட அப்போது எனக்குப் புரியவில்லை. பெட் நம்பரும் நோயும்தான் கேஸ் ஷீட்டில் எழுதியாகிவிட்டதே என்று நினைத்தேன். ஆறாவது மாணவியும் கேட்கவில்லை.

பணம் கட்டும் வார்டில் இப்படி ஒரு வகுப்பு நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை. எங்களுக்குப் பாடம் நடந்ததெல்லாம் ஏழைகளின் உடம்பில்தான்.

நாங்கள் தினமும் கையாளும் கருவியின் கதையும் அதுவேதான். கர்ப்பப்பை வாயைப் பார்க்க உதவும் 'சிம்ஸ் ஸ்பெகுலம்' இல்லாத பிரசவ வார்டு நம் நாட்டில் இருக்காது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து டாக்டர் மேரியன் சிம்ஸ், 1840-களில் ஒரு கரண்டியின் காம்பை வளைத்து அதை உருவாக்கினார். கஷ்டப் பிரசவத்தால் சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்த அடிமைப் பெண்களின் மேல், மயக்க மருந்து இல்லாமல், திரும்பத் திரும்ப அறுவை செய்து பழகினார். அனார்க்கா, பெட்ஸி, லூசி என்று மூன்று பெயர்கள் மட்டும் பதிவாகியிருக்கின்றன. அனார்க்காவுக்கு மட்டும் சுமார் முப்பது முறை. நியூயார்க் சென்ட்ரல் பார்க் ஓரத்தில் இருந்த அவர் சிலையை 2018 ஏப்ரலில் அகற்றினார்கள். கருவியின் பெயர் மாறவில்லை. படிக்கும் காலத்தில் இதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

மயக்கத்தில் இருக்கும் நோயாளியிடம் பழகுவதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். வயிற்றுத் தசை தளர்ந்திருக்கும், நன்றாகத் தெரியும், அவருக்கும் வலிக்காது என்று. தசை தளர்வது உண்மைதான். ஆனால் தூங்குகிறவரிடம் கற்றுக்கொண்டால், விழித்திருப்பவர் எங்கே பயந்து இறுக்குகிறார் என்பது தெரியாமலே போய்விடும். நியூஸிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு மகளிர் மருத்துவமனையைப் பற்றி 1987-88-இல் நீதிபதி கார்ட்ரைட் நடத்திய விசாரணையில், மயக்கத்தில் இருந்த பெண்களிடம் சம்மதம் பெறாமல் மாணவர்கள் பயிற்சி செய்ததும் வெளிப்பட்டது. 1996-இல் அங்கே வந்த நோயாளிகள் உரிமை விதிகள், சிகிச்சைக்கு மட்டுமின்றிக் கற்பித்தலுக்கும் பொருந்தும். கலிஃபோர்னியா 2003-இல் இதற்குத் தடைச் சட்டம் இயற்றியது. 2024 ஏப்ரலில் அமெரிக்க மத்திய அரசு, சம்மதம் பெற்றே ஆக வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு எழுதியது.

நம் நாட்டில் 2008-இல் உச்ச நீதிமன்றம் ஸமீரா கோஹ்லி வழக்கில், நோயைக் கண்டறியும் சோதனைக்குக் கொடுத்த சம்மதம் அதைத் தாண்டிய சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. மயக்கத்தில் இருந்த பெண்ணுக்குக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்ட வழக்கு அது. மாணவர்களைப் பற்றியதல்ல. ஆனாலும் ஒன்றுக்குக் கொடுத்த கையெழுத்தை இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நியாயம் இங்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். பலாத்காரத்துக்கு ஆளான பெண்களிடம் செய்துவந்த 'இருவிரல் சோதனை'யைக் கண்டித்து, மருத்துவப் பாடத்திலிருந்தே அதை நீக்கும்படி 2022 அக்டோபரில் அதே நீதிமன்றம் சொன்னது. பாடத்தில் எது இருக்கக் கூடாது என்று கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது!

சரி, கேட்டால் யார் ஒப்புக்கொள்வார்கள், மாணவர்கள் எப்படித்தான் கற்பது? நியாயமான கேள்வி. முக்கியமாக ஆண் மாணவர்கள். பல இடங்களில் அவர்களைத் திரைக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். அதே பையன் டாக்டராகி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக இருக்கும்போது ரத்தப்போக்கோடு ஒரு பெண் வந்தால் என்ன செய்வான்?

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1968-இல் கிரெட்ஷ்மார் என்ற பேராசிரியர் தொடங்கி வைத்த வழி ஒன்று உண்டு. பயிற்சி பெற்ற பெண்கள், சம்பளம் பெற்றுக்கொண்டு, தங்கள் உடம்பிலேயே மாணவர்களுக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். விரல் சரியான இடத்தில் இருக்கிறதா என்பது அந்தப் பெண்ணுக்குத்தானே தெரியும்? "இன்னும் கீழே, இவ்வளவு அழுத்தாதே" என்று உடனே திருத்துவார். நான் வேலை பார்த்த இடங்களில் இது வரவில்லை. ரப்பர் மாடல்கள் வந்திருக்கின்றன. 2019-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் நடத்தை, அறநெறி, பேசும் முறை ஆகியவற்றுக்குத் தனிப் பாடமே உண்டு. மாடலில் பழகினால் முதல் நாள் நடுக்கம் போகும். ஆனால் ரப்பர் வலிக்கிறது என்று சொல்லாது.

நான் ஆசிரியையான பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். முதல் வகுப்பில் மாணவிகளை, உடுத்தியபடியேதான், அந்த மேஜையில் முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வேன். கதவு பாதி திறந்திருக்கும். அரை நிமிஷத்தில் எழுந்துவிடுவார்கள். மாணவர்களையும் விடமாட்டேன். அதற்குப் பிறகு கதவைச் சாத்து, திரையை இழு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். போர்வையை முழங்கால் வரை போர்த்தி, பார்க்கும் இடத்தை மட்டும் விலக்க வேண்டும். டில்லி ஜனவரியில் ஸ்பெகுலம் ஐஸ்கட்டி மாதிரி இருக்கும், வெந்நீரில் காட்டித்தான் எடுக்க வேண்டும். ஆண் டாக்டரானால் பக்கத்தில் நர்ஸோ ஆயாவோ கட்டாயம். திடீரென்று தொடாமல், முதலில் புறங்கையைத் தொடையில் வைத்து, "இப்போது தொடப்போகிறேன்" என்று சொல்ல வேண்டும். மூச்சை மெல்ல விடச் சொல்லி, விரல்களைப் பின்பக்கமாகத் தாழ்த்திக் கொண்டுபோக வேண்டும். முன்பக்கம் அழுத்தினால் மூத்திரக்குழாய் வலிக்கும். கர்ப்பப்பை வாய் சாதாரணமாக மூக்கு நுனி போல் கெட்டியாக இருக்கும், கர்ப்பிணிக்கு உதடு போல் மெத்தென்று இருக்கும். இதைப் புத்தகத்தில் படித்தவர்கள் கையில் உணர்வதற்கு, படுத்திருப்பவர் தளர்ந்திருந்தால்தான் முடியும். பயந்தால் வயிறு பலகையாகிவிடும், மேல் கைக்கு ஒன்றும் எட்டாது. ஆக, அனுமதி கேட்பதும் பரிசோதனையைச் சேர்ந்ததே. கேட்காமல் போனவளுக்கு ஒன்றும் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

அந்த உறுப்பினரிடம் நான் சொன்னது இதுதான். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் முழுவதும் படியுங்கள். ஹிந்தியோ ஆங்கிலமோ புரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மயக்கத்தில் என்னென்ன சோதனை, யார் செய்வார்கள், மாணவர்கள் இருப்பார்களா என்று டாக்டரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் படிவத்திலேயே எழுதுங்கள், அதனால் சிகிச்சை குறையக் கூடாது. ஒருத்தர் மட்டும் பார்க்கலாம் என்றும் சொல்லலாம்.

போன வாரம் அவர் போன் செய்தார். கேட்டாராம். டாக்டர் முதலில் கொஞ்சம் முகம் சுளித்தாராம். பிறகு ஒரு மாணவியைக் கட்டிலருகே அனுப்பி வைத்திருக்கிறார். அந்தப் பெண் தன் பெயரைச் சொல்லி, "ஆன்ட்டி, நான் பார்க்கலாமா?" என்று கேட்டதாம். இவர் சரி என்று சொல்லிவிட்டாராம்.